மூன்று இடம் வேண்டாம், ஒரு மலை போதும்

கேள்வி: தாம்பரத்தில் 7-ஆம் வகுப்பு ஆசிரியை நான். கிண்டி சிறுவர் பூங்கா, கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம் மூன்றுக்கும் 40 பிள்ளைகளை ஒரே நாளில் கூட்டிப்போக நினைக்கிறேன். போன வருடம் பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு வந்ததோடு சரி. அறிவியலும் வரலாறும் மனதில் நிற்க என்ன வழி?

பதில்: மூன்றையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். மின்சார ரயிலேறிப் பரங்கிமலைக்குப் போங்கள்.

ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 1802-இல் இந்தியாவை அளக்கும் தம் பெரிய நில அளவையைத் தொடங்கியது இந்த மலைப்பக்கம்தான். முதலில் சமதரையில் சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். நானூறு முறை சங்கிலியை எடுத்து எடுத்து வைக்கவேண்டிய வேலை! வெயிலில் எஃகு நீளுமே, அதனால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே அளந்தார்கள். வெப்ப விரிவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கோடு கிடைத்ததும் மீதியெல்லாம் கோணக் கணக்கு.

இதைப் போவதற்கு முந்தின நாளே பள்ளி மைதானத்தில் செய்துவிடுங்கள். கயிற்றால் 20 மீட்டர் கோடு. அதன் இரு முனையிலும் நின்று, தூரத்துத் தென்னைமரம் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று கோணமானியில் பார்க்கட்டும். அட்டையில் பெரிதாகச் செய்த கோணமானி நல்லது, ஜியாமெட்ரி பாக்ஸில் இருப்பது போதாது. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்தால் மரத்தின் தூரம் தாளிலேயே வந்துவிடும். அப்புறம் டேப்பால் அளந்து சரிபார்க்கலாம். இரண்டு மீட்டர் பிசகும், பரவாயில்லை. ஏன் பிசகியது என்று அவர்கள் சண்டை போடுவதுதான் பாடம்.

மலையில் பாறையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைதான். பெயர் அதிலிருந்து வந்தது. உச்சியில் விமானம் இறங்குவதைப் பார்த்து எல்லாரும் கத்துவார்கள். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

அருங்காட்சியகத்தை அடுத்த பருவத்துக்கு வையுங்கள். பக்கத்துப் பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் கற்கால மனிதரின் கற்கோடரி கண்டெடுத்தார். அவர் திரட்டிய கற்கருவிகள் எழும்பூரில் இருக்கின்றன. அந்த ஒரு கூடம் போதும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

மலைக்குக் காலை ஏழரைக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறையில் கை வைக்க முடியாது.