சனிக்கிழமைச் சம்பளம் எங்கே போகிறது?

கேள்வி: டர்பனில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். மணிக்கு 60 ரேண்ட் சம்பளம். சனிக்கிழமைகளில் எட்டு மணி நேரம் ஓவர்டைம். மனைவியும் அன்று தையல் வேலைக்குப் போவதால் ராத்திரி சாப்பாடு டேக்அவேதான். ஐந்து பேருக்கு 350 ரேண்ட் ஆகிறது. போக வர டாக்சிக்கு 50. 25ஆம் தேதி வாங்கும் சம்பளம் அடுத்த 10ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகளோடு பேசக்கூட நேரமில்லை. கடைக் கார்டு கடனை அடைத்து டிசம்பரையும் சமாளிக்க, ‘டூ-பாட்’ என்னும் ஓய்வூதியத் திட்டச் சேமிப்பிலிருந்து 10,000 ரேண்ட் எடுக்கலாமா? ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகலாமா?
- ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி.

முதலில் உங்கள் சனிக்கிழமையைப் பார்ப்போம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 90. எட்டு மணி நேரத்துக்கு 720. உங்கள் வருமானத்துக்கு 18 விழுக்காடு வரி போனால் சுமார் 590 மிஞ்சும். அதில் சாப்பாடு 350, டாக்சி 50 போய்விட்டால் கையில் நிற்பது 190. ஒரு முழு நாளையும், உடம்பில் இருக்கும் தெம்பையும், பிள்ளைகளின் ஒரு சாயங்காலத்தையும் கொடுத்து நீங்கள் வாங்குவது இந்த 190 ரேண்டைத்தான். உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அது இவ்வளவு மலிவாகப் போகிறதே என்றுதான் எனக்கு வேதனை.

பணம் வேறு, நேரம் வேறு, தெம்பு வேறு என்று மூன்று கணக்காக வைத்திருக்கிறீர்கள். அசதி வந்தால் சமையல் நிற்கிறது, கடைச் சாப்பாடு வருகிறது, அதற்குக் காசு வேண்டும் என்று மறுபடி ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வாரத்தில் ஓய்வே இல்லாமல் போனால் இந்தச் சுழல் இன்னும் வேகமாகத்தான் சுற்றும்.

ஓவர்டைம் உங்கள் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் வேலை நிபந்தனைச் சட்டம் சொல்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது வேண்டாம் என்று மேலாளரிடம் பேசுங்கள். அந்த நாளில் நீங்களே உலை வையுங்கள். பருப்பும் சோறும் ஒரு பொரியலும் போதும். மனைவி வந்து சமைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரும் உழைத்துவிட்டுத்தான் வருகிறார். புரட்டாசி முழுக்க மச்சம் தொடாமல் இருக்கிற குடும்பங்கள் நம்முடையவை. மாதம் இரண்டு டேக்அவேயை நிறுத்துவது நமக்குப் பெரிய காரியமா?

சரி, டூ-பாட். 2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதியத்துக்குக் கட்டுவது இரண்டு பாத்திரங்களாகப் பிரிகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான், இடையில் எடுக்கக்கூடிய சேமிப்புப் பாத்திரத்துக்குப் போகிறது. ஒரு வரி ஆண்டில் ஒரு முறை, குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்கலாம். ஆனால் எடுப்பது அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும். நீங்கள் கேட்கும் 10,000த்தில் 1,800 வரிக்கே போய்விடும், கட்டணம் தனி. பழைய வரிப் பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொள்வார்கள். அதே பணத்தைத் தொடாமல் விட்டு ஓய்வு பெறும்போது எடுத்தால், இன்றைய விதிப்படி மொத்தத் தொகையில் 5,50,000 ரேண்ட் வரை வரியே கிடையாது. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், வேலை போய்விட்டால் எடுங்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது. டிசம்பர் வருஷா வருஷம் வருவது. அது அவசரச் செலவு ஆகாது.

கார்டுகளை மூடாமல் கடனை மட்டும் அடைத்தால், ஜனவரியில் பள்ளிச் சீருடை வாங்கும்போதே மறுபடி கடன் ஏறும். வட்டி அதிகமுள்ள கார்டை முதலில் அடைத்து, அன்றைக்கே கணக்கை மூடிவிடுங்கள். தவணையே கட்ட முடியாத நிலை என்றால், தேசியக் கடன் ஒழுங்காணையத்தில் பதிவு பெற்ற கடன் ஆலோசகரிடம் போங்கள். கடைக்காரர் வழக்குக்குப் போன பிறகு அந்தக் கடனை ஆலோசகர் எடுத்துப் பேச முடியாது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக் கணக்கில் பாதி அவருக்குத்தான் தெரியும்.