டச்சு ஓவியத்தில் பாம்புக்கும் தேரைக்கும் என்ன வேலை?

பூங்கொத்தும் பழத்தட்டும் வரைந்த டச்சு ஓவியர்கள் நடுவே, இருண்ட காட்டுத் தரையில் காளான், தேரை, பாம்பு என்று வரைந்தவர் யார், ஏன் வரைந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் ஓட்டோ மார்சேயுஸ் வான் ஸ்க்ரீக். 1678இல் இறந்தவர். இந்த வகை ஓவியத்துக்கு முன்னோடி. பல்லியும் பூச்சியும் தேடி எங்கும் துழாவிக்கொண்டே இருந்ததால், ரோமில் இருந்த சக டச்சு ஓவியர்கள் அவருக்கு ‘மோப்பம் பிடிப்பவர்’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். அப்புறம் ஆம்ஸ்டர்டாம் அருகே வேலி போட்ட நிலத்தில் பாம்புகளை வளர்த்தே வரைந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய பட்டாம்பூச்சிகள்தான். சில ஓவியங்களில் உண்மையான இறக்கையையே ஈர வண்ணத்தில் ஒற்றி எடுத்திருக்கிறார். பட்டாம்பூச்சியைப் பிடித்தால் விரலில் மாவு மாதிரி ஒட்டுமே, அந்தச் செதில்கள் ஓவியத்தில் அப்படியே தங்கிவிட்டன.

ஏன் வரைந்தார்? அழுகலிலிருந்தும் சேற்றிலிருந்தும் பூச்சி தானாகப் பிறக்கிறது என்று பலர் நம்பிய காலம் அது. 1668இல்தான் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர், இறைச்சியை மூடிவைத்துப் புழு வராததைக் காட்டினார். அந்த விவாதம் சூடாக இருந்தபோது, கீழே குனிந்து தரையைப் பார்த்தவர் இவர். இவருடைய ஓவியம் கிடைத்தால் நடுவிலுள்ள செடியை விடுங்கள், அடியிலுள்ள இருட்டைப் பாருங்கள்.