காரா ட்ரெயினான்னு சண்டை போட்டு படகை மறந்துட்டீங்களே!

வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, எங்க மகன் நார்வே நாட்டுல ஓஸ்லோவுல வேலை பாக்குறான். இந்த ஜூன்ல என்னையும் அவங்க அப்பாவையும் கூட என் நாத்தனாரையும் வரச்சொல்லி இருக்கான். ஓஸ்லோவுல இருந்து கிளம்பி, மலைக்கு நடுவுல கடல் உள்ள புகுந்து கிடக்குமாமே, ஃபியோர்டுன்னு, அதெல்லாம் பாத்துட்டு பெர்கன் ஊர் வரைக்கும் போறதா பிளான், மொத்தம் ஆறு நாள். மகனுக்கு சனி ஞாயிறு மட்டும்தான் லீவு, மிச்ச நாள் நாங்களேதான் சுத்தணும். எங்க வீட்டுக்காரவுகளுக்கு 68 வயசு, முப்பது வருசமா கார் ஓட்டுறாக. "மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நான் ஓட்டாத ஓட்டா, வாடகைக்கு வண்டிய எடுப்போம், நினைச்ச எடத்துல நிப்பாட்டி பாக்கலாம்"ங்கிறாக. எனக்கு ட்ரெயின்தான் ஆசை, பாம்பன் பாலம் மாதிரி ஜன்னலோரம் உக்காந்து தண்ணிய பாத்துக்கிட்டே போகலாம்ல. நாத்தனாரு அண்ணன் கட்சி. நீங்க தீர்ப்பு சொல்லுங்க. – உச்சிப்புளி வாசகி

பதில்: தங்கச்சி, தீர்ப்பு உங்க பக்கம்தான், ஆனா நீங்க சொல்ற காரணம் தப்பு. அதை முதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா அங்க போய் இறங்கினதும் என்னைய திட்டுவீங்க.

ஓஸ்லோ டு பெர்கன் ரயில் பாம்பன் பாலம் மாதிரி தண்ணி மேல போற ரயில் இல்ல. அது மலை ஏறுற ரயில். 1909ல திறந்த பாதை, ஆறரை ஏழு மணி நேரம் ஓடும், நடுவுல ஃபின்ஸேன்னு ஒரு ஸ்டேஷன் வரும், கடல் மட்டத்துல இருந்து 1,222 மீட்டர், அந்த நாட்டு ரயில் பாதையிலயே ஒசரமான ஸ்டேஷன் அதுதான். ஜூன்லயும் அங்கங்க பனி கிடக்கும். மரமே இல்லாத வெறும் பாறை, ஏரி, பனி, நம்ம தனுஷ்கோடி மணல்வெளிய பாத்தா வர்ற ஒரு வெறுமை இருக்குல்ல அது மாதிரி, ஆனா குளிரு. ஃபியோர்டு தண்ணி ஜன்னல்ல தெரியறது கடைசில பெர்கன நெருங்கும்போது கொஞ்ச நேரம்தான். ஆக ட்ரெயின்ல போனா ஃபியோர்டு பாத்தாச்சுன்னு நினைச்சீங்கன்னா ஏமாந்துருவீங்க.

உங்க வீட்டுக்காரவுக நினைக்கிறதும் தப்புதான், அதுக்கு எங்க குடும்பத்து கதையவே சொல்றேன். ரெண்டு மூணு வருசம் முன்னாடி மக குடும்பத்தோட நான் போயிருந்தேன், மருமகன்தான் கார் ஓட்டினாரு. ஃப்ளோம்னு ஒரு சின்ன ஊரு, ஃபியோர்டோட ஒரு முனையில இருக்கு, அங்க இருந்து குட்வாங்கன்ங்கிற ஊருக்கு படகு போகும், ரெண்டு மணி நேரம். அந்த வழியிலதான் நேரோய்ஃபியோர்டு வருது, 2005ல யுனெஸ்கோ உலக பாரம்பரியம்னு அறிவிச்சது, ஒரு எடத்துல அகலம் வெறும் 250 மீட்டர், ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, மலை உச்சியில இருந்து நூல் மாதிரி அருவிங்க, கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பாத்துக்கிட்டே வந்தோம். எங்கள கூட்டிட்டு போன மருமகன் எங்க இருந்தாருன்னு கேளுங்க. கார அந்தப் பக்கம் கொண்டு போகணும்ல! படகு ஆளுங்கள மட்டும்தான் ஏத்தும், வண்டிய ஏத்தாது. அதனால அவரு ரோட்டு வழியா போனாரு, 20 கிலோமீட்டர்தான், அதுல ஒரு சுரங்கம் 5 கிலோமீட்டர், அடுத்தது 11 கிலோமீட்டருக்கு மேல. ஃபியோர்ட பாக்க வந்த மனுசன் மலைக்குள்ளயே பூந்து அந்தப்பக்கம் வெளிய வந்து, எங்க படகு வர்ற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் பார்க்கிங்ல பிஸ்கட் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நாங்க போட்டோவ காட்டினப்போ அவரு மூஞ்சிய பாக்கணுமே, இன்னைக்கும் எங்க வீட்டுல அது பேச்சா ஓடுது.

அதுக்குத்தான் சொல்றேன், ஃபியோர்டுங்கிறது தண்ணி. அத பாக்கணும்னா தண்ணியில இருக்கணும். காரும் ட்ரெயினும் படகுத்துறைக்கு போற வண்டிங்க, அவ்வளவுதான். எந்த வண்டி உங்கள அசதி இல்லாம படகுக்கிட்ட கொண்டு போய் விட்டுட்டு, இறங்குற எடத்துல தலைவலி கொடுக்காம இருக்குதோ அதுதான் நல்ல வண்டி. உங்க கணக்குக்கு அது ட்ரெயின்.

வழி இதுதான், மகன்கிட்ட அப்படியே காட்டுங்க. ஓஸ்லோவுல காலைல ஏறி மிர்தால் ஸ்டேஷன்ல இறங்குங்க, அஞ்சு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. அங்க எதிர்க்கவே ஃப்ளோம் ரயில் நிக்கும். இந்த ரயில்தான் நீங்க ஜன்னலோரம் உக்கார வேண்டிய ரயில். வெறும் 20 கிலோமீட்டர், ஆனா 860 மீட்டர் ஒசரத்துல இருந்து ஃபியோர்டு தண்ணிக்கு பக்கத்துல வந்து இறங்குது, முக்கால்வாசி பாதை பதினெட்டடி போனா ஒரு அடி இறங்குற சரிவு, பல்சக்கரம் எல்லாம் கிடையாது, சாதாரண ரயில் சக்கரம்தான். 20 சுரங்கம், அதுல 18 சுரங்கத்த கையாலயே குடைஞ்சிருக்காங்க. 1940ல ஓட ஆரம்பிச்சது. நடுவுல ஒரு பெரிய அருவிகிட்ட நிப்பாட்டி எல்லாரையும் இறக்கி விடுவாங்க, அஞ்சு நிமிசம், சாரல்ல நனைஞ்சுட்டு ஏறணும், கோடையில அருவி பக்கத்துல பாட்டு போட்டு ஒரு பொண்ணு மோகினி வேசம் கட்டி ஆடும், நான் சிரிச்சுட்டேன், பேத்தி பயந்துருச்சு.

ஃப்ளோம்ல ஒரு ராத்திரி கண்டிப்பா தங்குங்க. பகல்ல பெரிய பெரிய கப்பல்ல இருந்து ஆயிரக்கணக்குல ஆளுங்க இறங்கி திருவிழா கூட்டம் மாதிரி இருக்கும், சாயங்காலம் கப்பல் கிளம்புனதும் ஊரே அமைதியாயிரும், ஜூன்ல ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், தண்ணியோரம் பெஞ்சுல உக்காந்திருக்கலாம். ரூம் கம்மி, முன்னாடியே போடணும். ஸ்டெகாஸ்டைன்னு ஒரு பார்வை மாடம் இருக்கு, ஃபியோர்டுக்கு மேல 650 மீட்டர் ஒசரத்துல பலகை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு ஃப்ளோம்ல இருந்தே பஸ்ஸு போகுது. மறுநாள் படகு. 2018ல இருந்து பேட்டரில ஓடுற படகு விட்டிருக்காங்க, நம்ம விசைப்படகு டமடமன்னு அடிக்குற சத்தத்துல பழகின காதுக்கு அது ஓடுதா நிக்குதான்னே தெரியாது. குட்வாங்கன்ல இறங்கினா வோஸ் ஊருக்கு பஸ்ஸு, அங்க இருந்து பெர்கனுக்கு ஒன்னேகால் மணி நேரம் ட்ரெயின். இத மொத்தமா ஒரே டிக்கெட்டா 'நார்வே இன் எ நட்ஷெல்'னு விக்குறாங்க, தனித்தனியாவும் வாங்கிக்கலாம், மகன் கம்ப்யூட்டர்ல உக்காந்தா அரை மணி நேர வேலை. ட்ரெயின் டிக்கெட்டு முன்னாடி எடுக்க எடுக்க விலை கம்மி. 67 வயசு முடிஞ்சவங்களுக்கு சலுகையும் உண்டு, உங்க வீட்டுக்காரவுக அந்த கணக்குல வந்துட்டாக. நம்ம ஊரு ரயில்ல 2020ல நிப்பாட்டின சலுகைய அந்த ஊருல போய் வாங்கிக்கலாம்னு சொல்லிப் பாருங்க, அதுக்கே மனசு மாறினாலும் மாறும். ஒரே ஒரு எச்சரிக்கை, கோடைலதான் அங்க தண்டவாள வேலை பாப்பாங்க, சில நாள் பாதி தூரம் ட்ரெயினுக்கு பதிலா பஸ்ஸு விடுவாங்க, தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

இனி அவுக வாதத்துக்கு வர்றேன். முப்பது வருசம் ஓட்டினதெல்லாம் சரிதான், நான் மறுக்கல. ஆனா எங்க ஓட்டினாக? நம்ம ஜில்லாவுல மலைன்னா கந்தமாதன பர்வதம் ஒன்னுதான், அதையும் மலைன்னு சொன்னா மத்த மலையெல்லாம் கோவிச்சுக்கும். ரோடு பூரா தட்டை, பாம்பன் பாலத்து ஏத்தம்தான் நமக்கு பெரிய ஏத்தம். அங்க ஓட்டறது வலது பக்கம், ஸ்டியரிங் இடது பக்கம், பட்டப்பகல்லயும் ஹெட்லைட் போட்டே ஆகணும், மலை ரோட்டுல எதிர்க்க டூரிஸ்ட் பஸ்ஸு வந்தா வழி ஒதுங்குற எடம் வரைக்கும் ரிவர்ஸ்ல போகணும். நினைச்ச எடத்துல நிப்பாட்டவும் முடியாது, அதுக்குன்னு விட்டிருக்குற எடத்துலதான் நிப்பாட்டணும், அந்த எடம் வர்றதுக்குள்ள அழகு பின்னாடி போயிரும். ஓஸ்லோவுல இருந்து ஃப்ளோம் 350 கிலோமீட்டர் பக்கம், ஊருக்கு வெளியில பெரும்பாலும் 80க்கு மேல போகக்கூடாது, அஞ்சு மணி நேரம் ஆகும். வழியில லேர்தால் சுரங்கம் வரும், 24.5 கிலோமீட்டர், உலகத்துலயே நீளமான ரோட்டு சுரங்கம், 2000ல திறந்தாங்க. ராமேஸ்வரம் கோயில் வாசல்ல இருந்து தனுஷ்கோடி போற தூரம் மொத்தமும் மலைக்குள்ளன்னு நினைச்சுக்கோங்க. ஓட்டுறவங்க தூங்கிரக்கூடாதுன்னு மூணு எடத்துல குகை மாதிரி அகலமாக்கி நீல லைட்டு போட்டிருக்காங்க. ஒரு தடவை பாக்க நல்லாத்தான் இருக்கும், பாத்தேன், ஆனா அதுக்கா இவ்வளவு தூரம் போறது?

செலவும் கேளுங்க. ஓஸ்லோவுல எடுத்து பெர்கன்ல விட்டா தனியா ஒரு காசு தீட்டுவாங்க, வாடகைய விட அதுதான் உறைக்கும். சுங்கச்சாவடில ஆளே கிடையாது, கேமரா நம்பர் பிளேட்ட படம் எடுத்துக்கும், நாம ஊருக்கு வந்து ரெண்டு மாசம் கழிச்சு மருமகன் கார்டுல இருந்து வாடகை கம்பெனி பணம் எடுத்துச்சு, சுங்கத்துக்கு மேல அவங்க சர்வீஸ் சார்ஜ் வேற, கேட்டா ஒப்பந்தத்துல இருக்குன்னாங்க. இருந்துச்சுதான், பொடி எழுத்துல.

அப்போ கார் வேணவே வேணாமான்னா, அப்படி சொல்ல மாட்டேன். தண்டவாளம் போகாத எடத்துக்கு கார்தான் ராஜா. கெய்ராங்கர் ஃபியோர்டுக்கு ரயில் கிடையாது, பதினோரு கொண்டை ஊசி வளைவு இருக்குற ட்ரோல்ஸ்டீகன் மலை ரோட்டுக்கும் ரயில் கிடையாது, அதெல்லாம் பாக்கணும்னா வேற பிளான், வேற பத்து நாள். உங்க ஆறு நாளுக்கு அத சேக்காதீங்க. அதுக்கு பதிலா கடைசி ரெண்டு நாள் சனி ஞாயிறா வர்ற மாதிரி வைங்க, மகன் பெர்கனுக்கு வந்துரட்டும், அங்கயே வண்டி எடுத்து அங்கயே விடுங்க, ஹார்டாங்கர் ஃபியோர்டு பக்கம் போங்க. ஒன்றரை மணி நேரத்துல ஸ்டைன்ஸ்தால் அருவி, அதுக்கு பின்னாடி பாதை இருக்கு, நனையாம அருவிக்கு உள்பக்கமா நடந்து அந்தப்பக்கம் வரலாம், குத்தாலத்துல இது நடக்குமா? மகன் ஓட்டட்டும். அவங்க அப்பா முன் சீட்டுல உக்காந்து "மெதுவா போடா"ன்னு சொல்லிக்கிட்டு வரட்டும், கார் ஆசையும் தீரும். ஒருவேளை தானும் ஓட்டியே தீரணும்னு நின்னாகன்னா கிளம்புறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல சர்வதேச லைசன்ஸ் எடுத்து வச்சிருக்கச் சொல்லுங்க.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. ட்ரெயின்ல விக்கிறத வாங்கினா ரூபாய்ல கணக்கு போட்டுப் பாக்காதீங்க, தொண்டையில இறங்காது. மகன் வீட்டுல புளிசாதம் கட்டிக்கோங்க, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஊருல இருந்து நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய் மட்டும் கொண்டு போகாதீங்க, பால் சாமானும் கறியும் அங்க ஏர்போர்ட்ல விட மாட்டாங்க.

கேள்வி: அக்கா, ஃபியோர்டு ஃபியோர்டுன்னு சொல்றாங்களே, அது நம்ம ஊரு கழிமுகம் மாதிரிதானே? – தேவிபட்டினம் மாணவன்

பதில்: கடல் உள்ள வர்றது ஒன்னுதான் தம்பி, பள்ளம் வந்த விதம் வேற. அந்தக் காலத்துல கிலோமீட்டர் கணக்குல தடிமனா பனிக்கட்டி மலையில இருந்து இறங்கி இறங்கி பாறைய அறுத்துருச்சு, பனி உருகின பெறகு அந்த பள்ளத்துல கடல் புகுந்துருச்சு. உங்க ஊரு வடகடல்ல நவபாஷாணத்துக்கிட்ட எவ்வளவு ஆழம், கால் ஊனி நிக்கலாம்ல. அங்க சோங்னெ ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல நாட்டுக்குள்ள போகுது, ஆழம் ஒரு எடத்துல 1,300 மீட்டர். வேடிக்கை என்னன்னா வாய்ப்பக்கம் ஆழம் கம்மி, உள்ள போகப் போகத்தான் ஆழம், பனி அங்கதான் தடிமனா இருந்து நல்லா அழுத்தி அறுத்துச்சு. உங்க அப்பாகிட்ட சொல்லிப்பாரு, கரை பக்கம் ஆழம், கடல் பக்கம் மேடுன்னா நம்பவே மாட்டாரு.

கேள்வி: டிசம்பர்ல போனா டிக்கெட் விலை கம்மின்னு சொல்றாங்க. அப்போ கார் எடுக்கலாமா? – கீழக்கரை வாசகர்

பதில்: வேணாம் தம்பி. ஐஸ் ரோட்டுல பழக்கம் இல்லாம ஓட்டக்கூடாது, மலைப்பாதை நிறைய மூடிருவாங்க, பெர்கன் பக்கம் வெளிச்சமே ஆறு மணி நேரம்தான். பெர்கன் ரயில், ஃப்ளோம் ரயில், அந்த படகு மூணும் வருசம் பூரா ஓடும், அதுல போங்க, கூட்டமும் இருக்காது. மார்கழி வாடைக்கு நாம கட்டுற மப்ளர் அங்க பத்தாது, ஸ்வெட்டர இங்க வாங்காம அங்க போய் கம்பளில வாங்குங்க.