நெபுலாவில் குமிழி வரைய டெலஸ்கோப் வேண்டாம்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு, தூசு மேகங்களான நெபுலாக்களை ஆராய்வதில் பொதுமக்களும் உதவலாம் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் டெலஸ்கோப் கிடையாது. ஒரு ஃபோனும் அண்ணனின் பழைய லேப்டாப்பும்தான் இருக்கின்றன. நான் தப்பாகக் குறித்தால் ஆராய்ச்சி கெட்டுவிடாதா? கம்ப்யூட்டரே இதைச் செய்துவிடாதா?

பதில்: டெலஸ்கோப் வாங்கியிருந்தாலும் இந்த வேலைக்கு உதவியிருக்காது. நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களைத் தூசு மூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைத் தாண்டி வராது. அகச்சிவப்புக் கதிர் வரும், அதோடு சூடான தூசே அகச்சிவப்பில் ஒளிரவும் செய்யும். இதைப் பார்க்கத்தான் 2003-இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியை நாசா அனுப்பியது. அதைக் குளிர வைத்திருந்த திரவ ஹீலியம் 2009 மே மாதம் தீர்ந்துபோனது. 2020 ஜனவரியில் அதை அணைத்தே விட்டார்கள். ஆனால் எடுத்த படங்கள் அப்படியே இருக்கின்றன, பார்க்கக் கண்கள்தான் போதவில்லை.

அந்தக் கண்களைத் திரட்டத்தான், பொதுமக்கள் ஆராய்ச்சிக்கு உதவும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில் 2010 டிசம்பரில் 'மில்கி வே ப்ராஜெக்ட்' தொடங்கியது. ஒரு படத்தைக் காட்டுவார்கள், அதில் குமிழி தெரிந்தால் விளிம்பை ஒட்டி வட்டமோ நீள்வட்டமோ வரைய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

குமிழி என்றால் என்ன? பெரிய, சூடான நட்சத்திரம் ஒன்று பிறந்ததும் தன் கதிராலும், தன்னிடமிருந்து பாயும் துகள்களின் காற்றாலும் சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளுகிறது. படத்தில் பச்சை வளையமும் அதற்குள் சிவப்பும் தெரியும். இவை உண்மையான நிறங்கள் அல்ல. 8 மைக்ரான் அலைநீளத்துக்குப் பச்சை, 24 மைக்ரானுக்குச் சிவப்பு என்று வானியலாளர்கள் கொடுத்தவை. பச்சையில் தெரிவது பெரும்பாலும் கரிம மூலக்கூறுகள். கருகிய தோசையிலும் வண்டிப் புகையிலும் இருக்கிற அதே குடும்பம்தான். நட்சத்திரத்துக்கு மிக அருகே இவை சிதைந்துவிடுவதால் விளிம்பில் மட்டும் மிஞ்சுகின்றன. உள்ளே சூடான தூசு சிவப்பாகத் தெரிகிறது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரே படத்தைப் பல பேர் பார்க்கிறார்கள். நீங்கள் மட்டும் குமிழி என்று வரைந்து மற்றவர்கள் வரையாவிட்டால் அந்த வட்டம் கரைந்துபோகும். பலருடைய வட்டங்கள் ஒரே இடத்தில் விழுந்தால்தான் பட்டியலில் ஏறும். இதற்கு முன் வானியலாளர்கள் சிலர் தாங்களே கண்ணால் தேடி வெளியிட்ட குமிழிகள் அறுநூறுக்குப் பக்கம். 2012-இல் தன்னார்வலர்கள் 35,000 பேருக்கு மேல் சேர்ந்து கொடுத்த பட்டியலில் 5,106. ஆனால் 2019-இல் வந்த அடுத்த பட்டியலில் 2,600தான். குறைந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள், கறாராக வடிகட்டியதால்தான் குறைந்தது. எனக்கு இந்த 2,600 என்ற எண்தான் பிடிக்கும்.

கம்ப்யூட்டர் செய்யாதா என்றால், செய்யும். 2014-இல் 'ப்ரூட்' என்ற நிரலுக்குக் குமிழி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்க அது எடுத்துக்கொண்ட பாடம் தன்னார்வலர்கள் வரைந்த குமிழிகள்தான். ஆனால் சொல்லிக்கொடுத்ததை மட்டுமே அது தேடும். மனிதர்கள் அப்படி இல்லை. திட்டம் தொடங்கிய காலத்தில் சில தன்னார்வலர்கள், 'இந்த மஞ்சள் உருண்டைகள் என்ன?' என்று கேட்டார்கள். அவற்றைத் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, குறிக்க ஒரு பொத்தான்கூட இல்லை. விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தால், பச்சையும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. அதாவது வாயுவை இன்னும் வெளியே தள்ளி முடிக்காத, குமிழி ஆவதற்கு முந்தைய இளம் நட்சத்திரப் பகுதிகள். 2015-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவற்றோடு ஆய்வுக் கட்டுரை வந்தது. பிறகு பட்டியல் ஆறாயிரத்தைத் தாண்டியது.

சரி, உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். வட்டம் வரையும் திட்டங்களை மவுஸ் வைத்து லேப்டாப்பில் செய்யுங்கள், ஃபோனில் விரல் படத்தையே மறைத்துவிடும். 'ஆம், இல்லை' என்று கேட்கும் திட்டங்களுக்கு ஃபோன் போதும். முக்கியமாக, ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் கண் பாதுகாப்பு செட்டிங்கை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எல்லாமே மஞ்சள் உருண்டையாகத் தெரியும்! ஓர் இரவு முழுக்க அப்படி உட்கார்ந்து குறித்துவிட்டு, மறுநாள் காலையில் அசடு வழிந்தவன் நான்.

வரையும்போது நட்சத்திரம் எங்கே என்று தேடாதீர்கள், பச்சை விளிம்பைப் பின்தொடருங்கள். முழு வளையம் இல்லாமல் ஒரு பக்கம் உடைந்திருந்தாலும் அது குமிழிதான். அரை வட்டமாக நெளியும் எல்லா இழையும் குமிழி ஆகாது, உள்ளே சிவப்பு இருக்கிறதா பாருங்கள். பெரிய குமிழியின் விளிம்பில் சின்னக் குமிழி ஒட்டியிருந்தால் இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள். பெரியது வாயுவைத் தள்ளி நெருக்கியதால்தான் சின்னது பிறந்ததா என்பது வானியலாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி.

பணம் கட்ட வேண்டாம், கணக்கு இல்லாமலேகூடத் தொடங்கலாம். ஆனால் கணக்கு இருந்தால் நீங்கள் குறித்தவை உங்கள் பெயரில் சேரும். படங்கள் தீர்ந்ததும் திட்டங்களை முடித்துவிடுவார்கள், அதனால் விண்வெளிப் பிரிவில் இப்போது நடப்பது எது என்று பார்த்துச் சேருங்கள். முதல் பத்துப் படங்களுக்கு முன் பயிற்சிப் பக்கத்தைப் படியுங்கள், ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்றாலும் படங்களே பாதியைச் சொல்லிவிடும். எந்த வகையிலும் சேராத ஒன்று கண்ணில் பட்டால் தாண்டிப் போகாமல் அந்தப் படத்தின் விவாதப் பகுதியில் கேட்டுவிடுங்கள். மஞ்சள் உருண்டையைக் கேட்டவர்களும் அங்கேதான் கேட்டார்கள்.