ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: ஸ்மிதிங், சண்டைத் திறன்களை வேகமாக உயர்த்துவது எப்படி?

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலரும் கோழியையும் மாட்டையும் வெட்டியே முதல் நிலைகளைக் கடக்கிறார்கள். அது வேண்டாம், குவெஸ்டுகளில் (முடித்தால் அனுபவப் புள்ளிகள் தரும் கதைப் பணிகளில்) தொடங்குங்கள்.

கட்டண உறுப்பினர் கணக்கு இருந்தால் முதலில் வாட்டர்ஃபால் குவெஸ்ட். யாரையும் கொல்லாமலே அட்டாக், ஸ்ட்ரென்த் இரண்டும் 1-லிருந்து 30-க்குப் போய்விடும். வழியில் ராட்சதர்களைத் தாண்டி ஓட வேண்டும், அதனால் உணவு நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மிதிங்குக்கு (உலோக வேலைத் திறனுக்கு) நைட்ஸ் ஸ்வோர்ட் குவெஸ்ட்: 12,725 அனுபவப் புள்ளிகள் கிடைக்கும், 1-லிருந்து நேராக 29. மைனிங் (சுரங்க வேலைத் திறன்) 10 இருந்தால் போதும். இது இலவசக் கணக்கிலும் உண்டு.

அப்புறம் அட்டாக்கை 40 வரை ஏற்றி ரூன் சிமிட்டர் என்ற வளைந்த வாளைக் கையில் எடுங்கள். அங்கிருந்து ஸ்ட்ரென்த்துக்கே முதலிடம். அட்டாக் அடி தவறாமல் பார்த்துக்கொள்ளும். அடியின் உச்ச பலத்தைக் கூட்டுவது ஸ்ட்ரென்த்தான். ஒவ்வொரு சேதப் புள்ளிக்கும் 4 அனுபவப் புள்ளி என்பதால், பலமாக அடிப்பவருக்குப் பின்னால் டிஃபென்ஸும் (தற்காப்பும்) சீக்கிரம் ஏறும். பலர் மூன்றையும் சமமாக வளர்த்து நேரத்தை இழக்கிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

மறுபடி ஸ்மிதிங்குக்கு வருவோம்: சாதாரண உலையில் இரும்புத் தாதை உருக்கினால் ஏறக்குறைய பாதி வீணாகும். ரிங் ஆஃப் ஃபோர்ஜிங் என்ற மோதிரத்தை அணிந்தால் 140 கட்டிகள் வரை ஒன்றும் வீணாகாது.

இன்னொன்று: ஒரு திறனின் உச்ச நிலையான 99-க்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும், அதில் பாதி 92-லேயே வந்துவிடும். எல்லாவற்றையும் 99 ஆக்க நினைக்காமல், அடுத்த குவெஸ்டுக்கு எந்த நிலை தேவையோ அதைக் குறிவையுங்கள்.