கூரையில்லா ஜீப்: புகைக்குழாயின் வாயை எங்கே வைப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜீப்பின் துணிக்கூரையைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் கண் எரிகிறது, தலை வலிக்கிறது. குழாய் பின்பம்பருக்குக் கீழே நடுவில் முடிகிறது. வண்டி முன்னால் ஓடும்போது புகை பின்னால்தானே போக வேண்டும்?

பதில்: முழுவதும் போகாது, ஒரு பங்கு திரும்பி வரும். முன்கண்ணாடியில் மோதும் காற்று மேலே எகிறிப் போய்விடுவதால், அதன் பின்னால் சீட்டுகள் இருக்கும் இடத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அதை நிரப்ப டெயில்கேட் (பின்கதவு) பக்கத்திலிருந்து காற்று முன்னோக்கி ஓடி வருகிறது. வேகமாகப் போகும்போது தலைமுடி பின்னால் பறக்காமல் முகத்தில் வந்து விழுவது இதனால்தான். வண்டியின் தட்டையான முதுகுக்குப் பின்னாலும் இப்படி ஒரு சுழல் உண்டு. உங்கள் குழாய் சரியாக அந்தச் சுழலின் நடுவில்தான் புகையைக் கொட்டுகிறது. முன்சீட்டுக்கு மேல் மட்டும் துணி போட்டு, பின்பக்கத்தைத் திறந்து வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தலைவலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணை எரிப்பது எரிந்தும் எரியாமலும் வரும் எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். தலைவலிக்கும் குமட்டலுக்கும் காரணம் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே, "வாடை வரவில்லை, பயமில்லை" என்ற கணக்கு செல்லாது. கேட்டலிடிக் கன்வெர்டர் (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பெட்டி) இல்லாத பழைய பெட்ரோல் இன்ஜின்களில் இந்த ஆபத்து மிக அதிகம். டீசலில் மோனாக்சைடு குறைவு, கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் அதிகம்.

குழாயின் வாய்க்கு எங்கள் தேர்வு பின்சக்கரத்துக்குப் பின்னால், பாடியின் மூலை. பெட்ரோல் ஊற்றும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். குழாயின் நுனி பாடித் தகட்டைத் தாண்டி 10 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். அதற்கு மேல் நீட்டினால் பாறையில் மாட்டும், இறங்குபவர் காலில் சூடு போடும். வாய் வெளிப்பக்கமும் பின்பக்கமும் பார்த்தபடி ஏறத்தாழ 45 டிகிரியில் திரும்பியிருக்கட்டும். அப்போதுதான் பக்கவாட்டில் ஓடும் காற்று புகையை அள்ளிக்கொண்டு போகும், முதுகுச் சுழலுக்குள் விடாது. நுனி பாடிக்குள்ளேயே 5 சென்டிமீட்டர் ஒதுங்கி நின்றால்கூட பலன் பெரும்பாலும் போய்விடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வெல்டிங்குக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கம்பளி நூலை 15 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி டெயில்கேட், ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு), பின்சீட்டின் முதுகு, பாடியின் இரண்டு பின்மூலைகள் ஆகியவற்றில் டேப்பால் ஒட்டுங்கள். 20, 40, 60 கிலோமீட்டர் வேகங்களில் ஓட்டி, கூட வருபவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நூல் முன்பக்கம் நோக்கிப் படபடக்கும் இடத்துக்கு அருகில் குழாயின் வாய் வரக்கூடாது. கூரையோடு ஒருமுறை, கூரையில்லாமல் ஒருமுறை பாருங்கள். இரண்டும் வேறுவேறாக இருக்கும்.

வேலை முடிந்த பிறகு, பின்சீட்டில் இருப்பவரின் மூக்கு உயரத்தில் பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு) அளவை எண்ணாகக் காட்டும் மோனாக்சைடு மீட்டரைக் கட்டிப் பாருங்கள். வீட்டில் மாட்டும் அலாரம் இதற்கு உதவாது. அமெரிக்கத் தரத்தில் செய்யப்பட்டவை 70 பிபிஎம் அளவில் 60 முதல் 240 நிமிடம் கழித்துத்தான் ஒலிக்கும். அதே நாட்டின் வெளிக்காற்றுத் தரம் 8 மணி நேரச் சராசரியாக 9 பிபிஎம், 1 மணி நேரத்துக்கு 35 பிபிஎம். மீட்டர் 9-ஐத் தாண்டியே நின்றால் குழாய் இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

கேள்வி: பின்சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் வெளியே விட்டால் ஆக்சிலைத் தாண்டிக் குழாய் போட வேண்டியதில்லையே?

பதில்: வேலை சுலபம்தான். ஆனால் கதவைக் கழற்றிய வண்டிக்கு இது வேண்டாம். வாய் நேராகக் கதவுத் திறப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். மெதுவாக ஏறும்போது குறுக்கே காற்று அடித்தால் புகை மடியில் வந்து விழும். டயரின் பக்கச்சுவரும் ஓயாமல் சூடாகும். இதைவிடக் கெட்டது, குழாயை வண்டியின் அடியிலேயே தரையைப் பார்த்து வளைத்து முடிப்பது. புகை தளத்துக்கு அடியில் பரவி, கிடைத்த ஓட்டையில் எல்லாம் மேலே ஏறும். நின்றபடி இன்ஜின் ஓடினால் புழுதியையும் கிளப்பித் தரும்.

கேள்வி: மூலைக்குக் கொண்டுபோனால் பாறையிலிருந்து இறங்கும்போது குழாய் நசுங்குகிறது. ஆக்சிலுக்கு மேலே எவ்வளவு இடம் விட வேண்டும்?

பதில்: அளவை வண்டி சமதரையில் நிற்கும்போது எடுக்காதீர்கள். காயில் ஸ்பிரிங் வண்டியானால் சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் மேலேறி சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடும்வரை தூக்குங்கள். பட்டை ஸ்பிரிங்கானால் ஒரு பின்சக்கரத்தைச் சரிவுப் பலகையில் ஏற்றி, அந்தப் பக்க பம்ப் ஸ்டாப் தொட்டதும் அளவெடுத்து, பிறகு மறுபக்கமும் செய்யுங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பர் அடிபடும்போது இன்னும் 15–20 மில்லிமீட்டர் அமுங்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) பின்முனையில் உள்ள பட்டை ஸ்பிரிங்கில் ஆக்சில் மேலே வரும்போது கொஞ்சம் பின்னாலும் நகரும். மேலே மட்டும் இடம் விட்டவர்களின் குழாய் இந்த அசைவில்தான் அடிபடுகிறது.

இந்த நிலையில் ஆக்சிலுக்கும் குழாய்க்கும் நடுவே 40 மில்லிமீட்டர், ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்கு (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) 30, டயர் முழுவதும் மேலேறி நிற்கும்போது அதற்கு 50 இருக்கட்டும். பிரேக் ஹோஸ், பெட்ரோல் லைன் இரண்டுக்கும் 100 வேண்டும். முடியாத இடத்தில் தகட்டு மறைப்பு போடுங்கள், ஆனால் மறைப்பும் குழாயும் ஒட்டக்கூடாது. இடையே 12 முதல் 20 மில்லிமீட்டர் காற்று ஓட வேண்டும். வழியை முதலில் ஒரு தடித்த கம்பியை வளைத்துப் பார்த்துவிட்டு, அதையே வளைப்பவரிடம் மாதிரியாகக் கொடுங்கள். வளைவில் குழாய் சப்பையாகாத மாண்ட்ரல் வளைப்பைக் கேளுங்கள்.

நுனி நசுங்காமல் இருக்க, பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பின்பம்பரின் கீழ்விளிம்புக்கு ஒரு நூல் கட்டுங்கள். குழாய் முழுவதும் அந்த நூலுக்கு மேலே 50 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கடைசி 25 சென்டிமீட்டரை வெல்டு செய்யாமல் கிளாம்பில் செருகி வையுங்கள். அடிபட்டால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். சைலன்சரைப் பின்னால் குறுக்காகத் தொங்கவிடாமல், ஆக்சிலுக்கு முன்னால், சேஸிஸ் சட்டத்துக்கும் ஷாஃப்டுக்கும் இடையே ஏற்றி வையுங்கள்.

கேள்வி: லாரி மாதிரி மேலே நிமிர்த்திவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீருமே?

பதில்: மூடிய வண்டிக்குச் சரி. கூரையில்லாத வண்டியில், ரோல் கேஜ் உயரத்தில் முடியும் குழாய் புகையைத் தலை மட்டத்தில் விடுகிறது. இறக்கத்தில் மெதுவாகப் போகும்போது பின்னாலிருந்து காற்று அடித்தால் எல்லாம் உள்ளேதான். மரக்கிளையும் கையும் சூட்டில் படும், மழைநீரும் இறங்கும். ஆழமான நீரில் அடிக்கடி இறங்குபவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

கேள்வி: அப்படியானால் ஓடையைக் கடக்கும்போது தாழ்ந்த குழாயில் நீர் புகாதா?

பதில்: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை புகையின் அழுத்தம் நீரை வெளியே தள்ளிவிடும். ஆபத்து இன்ஜின் நடுவில் நின்றுபோனால்தான்: நீர் சைலன்சருக்குள் ஏறும், ஆழம் அதிகமானால் அதற்கும் முன்னே போகும். அப்போது திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரைச் சுற்றாதீர்கள். கயிறு கட்டி வெளியே இழுத்து, நீர் எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம். சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு வைத்தால் மிச்சம் வடிந்துவிடும். ஏறி வந்த சூட்டோடு சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் வார்ப்பு மானிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகையைக் குழாய்க்குச் சேர்க்கும் இரும்பு வார்ப்பு) விரிசல் விழலாம். கொஞ்சம் ஆறவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: கன்வெர்டரையும் பின்னால் தள்ளிவிட்டால் இடம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் செய்யக்கூடாது. தள்ளினால் அது சூடேறி வேலை தொடங்கத் தாமதமாகும். அந்த நேரத்தில்தான் மோனாக்சைடு அதிகம் வருகிறது. டீசல் வண்டியின் டிபிஎஃப் பெட்டிக்கும் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அதன் சென்சார்களுக்கும் இதே பதில். மாற்றமெல்லாம் கன்வெர்டருக்கும் டிபிஎஃப்புக்கும் பின்னால் இருக்கட்டும். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சூடான கன்வெர்டர் புல்லைப் பற்றவைக்கும்.

கேள்வி: புதுக்குழாய் போட்ட சில மாதங்களிலேயே வெல்டு விட்டுப்போகிறது. இப்போது மறுபடியும் உள்ளே வாடை.

பதில்: குழாயை அசையவிடாமல் கட்டியிருப்பார்கள். 2 மீட்டர் நீளமுள்ள 304 ஸ்டெயின்லெஸ் குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளும், சாதாரண இரும்பு 7. அந்த நீட்சிக்கு வழி இல்லையென்றால் வெல்டுதான் கிழியும். இன்ஜினை அடுத்து ஒரு ஃப்ளெக்ஸ் துண்டு (வளைந்து கொடுக்கும் குழாய்), பிறகு சுமார் ஒரு மீட்டருக்கு ஒரு ரப்பர் ஹேங்கர் வையுங்கள். ஹேங்கரைச் சேஸிஸில் மாட்டுங்கள், பாடியில் மாட்டினால் அதிர்வு உள்ளே கேட்கும். செருகும் இணைப்புகளில் ஒரு குழாய் மற்றதற்குள் 40–50 மில்லிமீட்டர் போயிருக்க வேண்டும். யு வடிவக் கிளாம்ப் குழாயை நெளிக்கும், பட்டைக் கிளாம்ப் நெளிக்காது.

கசிவைத் தேட, வெட்டவெளியில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, குழாயின் வாயைக் கனத்த துணியால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கசியும் இணைப்பு சீறும், சோப்பு நீர் பூசினால் நுரைக்கும். அதன்பின் தளத்தைப் பாருங்கள். மழைநீர் வடியட்டும் என்று கழற்றிப்போட்ட ரப்பர் மூடிகள், கிழிந்த கியர் பூட் (கியர் கம்பியின் அடியிலுள்ள ரப்பர் உறை), பழைய சீட் போல்ட் துளைகள் எல்லாம் புகைக்கு வாசல்தான். மூடிகளை மழை நாளில் மட்டும் திறந்து, வண்டியை எடுக்குமுன் திரும்பப் போடுங்கள். போல்ட் துளைகளை சீலன்ட் தடவிய போல்டாலேயே அடைத்துவிடலாம்.