தேசிய சேவை, ரேலா, கோத்தோங் ரோயோங்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் குடியிருக்கிறேன். 2005 முதல் சில ஆண்டுகள் வடக்கே ஒரு தேசிய சேவை (பள்ளி முடித்த இளையோருக்கு அரசு நடத்திய கட்டாயப் பயிற்சி) முகாமில் பயிற்றுநர் வேலை; சமூக சேவைப் பிரிவு என் தலையில். அதற்கப்புறம் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் குழு), தைப்பூசப் பந்தல், பள்ளிக்கூட பி.ஐ.பி.ஜி. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) என்று வாரக் கடைசியெல்லாம் போய்விடுகிறது. கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செபராங் ஜெயாவிலிருந்து ஓர் அம்மா: மகன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டான். தேசிய சேவை திரும்ப வந்துவிட்டதாமே, பழைய மாதிரி மூன்று மாதமா? பயமாக இருக்கிறது அண்ணே.

மூன்று மாதம் இல்லை அம்மா. 2025 ஜனவரியில் கோலாலம்பூரில் ஓர் அஸ்கார் வத்தானியா (தொண்டூழிய இராணுவம்) முகாமில் 45 நாள் பயிற்சியாகச் சோதனை முறையில் தொடங்கினார்கள். முன்பு தனியார் நடத்திய முகாம்கள். இப்போது இராணுவ முகாமிலேயே நடக்கிறது. பெரும்பகுதி அடிப்படை இராணுவப் பயிற்சி, மீதி நாட்டைப் பற்றிய பாடம்.

பயப்பட ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பழைய திட்டத்தில் பயிற்சிக்குப் போன பிள்ளைகள் சிலர் இறந்தது நடந்த கதை. என் முகாமில் ஒரு பையன் ஆஸ்துமா இன்ஹேலரைக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்தான். சுகாதாரப் பாரத்தில் (படிவத்தில்) ‘நோய் இல்லை’ என்று அவன் அப்பாவே டிக் அடித்திருந்தார், மகனைப் பலவீனமானவன் என்று நினைத்துவிடுவார்களாம். நான்காம் நாள் ஓட்டத்தில் உதடு நீலமாகிப்போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். பாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

ஆயர் ஈத்தாம், 31 வயது: பழைய திட்டத்தால் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு ஏதாவது பலன் இருந்ததா, இல்லை வெறும் பண விரயமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

முதலில் கதைச் சுருக்கம், மறந்தவர்களுக்காக. 2003இல் சட்டம் வந்தது, 2004இல் முதல் அணி உள்ளே போனது. 2015இல் செலவைக் குறைக்க நிறுத்தினார்கள், 2016இல் மறுபடி திறந்தார்கள், 2018இல் ஆட்சி மாறியதும் இழுத்து மூடிவிட்டார்கள். உள்ளே நான்கு பாகம்: உடற்பயிற்சி, தேசியம், குணநலன், சமூக சேவை. அந்தக் கடைசிப் பாகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டேன்.

ஊருக்கு என்ன கிடைத்தது? சூராவுக்கு (சின்னத் தொழுகை இடம்) சாயம், இடுகாட்டில் புல் வெட்டு, முதியோர் இல்லத்தில் ஒரு நாள். பஸ்ஸில் இறங்குவோம், புல் வெட்டுவோம், மீ ஹூன் (அரிசிச் சேமியா) சாப்பிடுவோம், படம் பிடிப்போம், ஏறிப் போவோம். மூன்று வாரத்தில் புல் திரும்ப முழங்கால் உயரம். உண்மையில் ஊருக்குக் கிடைத்தது வேறு: முகாம் சமையலறையில் மக்சிக்களுக்கும் (மலாய் அம்மாமார்கள்) நம் அக்காமார்களுக்கும் வேலை, மீன்காரருக்கு ஆர்டர், பஸ்காரருக்கு வாடகை. முகாம் மூடியபோது அந்த ஊரில் முகம் வாடியவர்கள் அவர்கள்தான். இதை யாரும் சேவைக் கணக்கில் எழுதவில்லை.

பிள்ளைகளுக்குக் கிடைத்ததை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு பேருக்கு ஒரு தாத்தா என்று பிரித்துவிட்டேன். வேலை, கால் நகம் வெட்டுவது. வயதானவர்களின் கால் நகம் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சளாக, ஓடு மாதிரி தடித்து, வெட்டி ஏறவே ஏறாது. சிலாங்கூர் சீனப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிளந்தான் பையன் தொடத் தயங்கினான். கெடா தோட்டத்திலிருந்து வந்த நம் பையன் ஒருவன், வாளியில் வெந்நீர் கொண்டுவந்து தாத்தாவின் காலை ஊறவைத்தான். பாட்டிக்கு அப்படித்தான் செய்வானாம். கால் மணி நேரத்தில் நகம் இளகிவிட்டது. அப்புறம் யாருக்கு எத்தனை விரல் என்று பங்கு போட்டுச் சண்டை! அதுவரை அந்த நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அன்று இரவு உட்கார்ந்தார்கள்.

அதற்கு அத்தனை செலவு தேவையா என்று கேட்டால், ஒரு வாளி வெந்நீருக்கு முகாம் தேவையில்லை என்றுதான் சொல்வேன்.

பெயர் வேண்டாம்: கட்டாயப்படுத்தினால் அது சேவையா சார்?

சின்ன வயதில் கோயில் அன்னதான அண்டாவைக் கழுவ என்னை யாரும் சம்மதம் கேட்டுக் கூப்பிடவில்லை. காதைப் பிடித்து இழுத்துப் போனார் தாத்தா. இன்றைக்கு நானாகப் போகிறேன். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். என் தம்பியையும் அதே காதைப் பிடித்துத்தான் இழுத்தார், அவன் இன்றுவரை அண்டா பக்கம் வந்ததில்லை.

பாயா தெருபோங் பிளாட்: வருசத்துக்கு இரண்டு தரம் பெரிய கோத்தோங் ரோயோங் (ஊர்கூடித் துப்புரவு) போடுகிறோம். வய்பி (தொகுதி மக்கள் பிரதிநிதி) வருகிறார், லோரி லோரியாகக் குப்பை போகிறது. டெங்கி மட்டும் குறையவில்லை. எங்கே தப்பு?

நாட்காட்டியில் தப்பு. ஏடிஸ் முட்டை பொரித்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வருகிறீர்கள், அது வாரா வாரம் வருகிறது. போதாததற்கு முட்டை காய்ந்த சட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்ததும் பொரித்துவிடும். தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தால் மட்டும் பற்றாது, பூச்சட்டித் தட்டின் உள்பக்கத்தைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பெரிய கோத்தோங் ரோயோங்கைக் குறைத்துவிட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு, ஒரு லோரோங்குக்கு (சந்துக்கு) இரண்டு பேர், பத்து நிமிடம். பூச்சட்டித் தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, கூரையோர மழைநீர்த் தகடு, பழைய டயர், சாமி மேடையில் இருக்கும் செம்பு (இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்). வாளியைக் காலி செய்ய முடியாத இடத்தில் அபேட் என்ற கொசுப்புழு மருந்து. வய்பி யாரும் வருவதில்லை, பேனர் இல்லை, மீ ஹூனும் இல்லை. ஆள் சேர்ப்பதுதான் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. தைப்பூசத்தில் வெள்ளி ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறோம், பினாங்கில் அது மலை மாதிரி குவியும். மாநகர் மன்றத்து ஆட்கள் மண்வாரி லோரியோடு வந்து பெரும்பகுதியை அள்ளிவிடுவார்கள். கால்வாய்க்குள் விழுந்த சிரட்டைகள் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு சிரட்டையும் ஒரு கிண்ணம் தண்ணீர். பந்தல் போடும் தம்பிமார்களே, மறுநாள் காலையில் அதற்கென்று ஐந்து பேரை ஒதுக்குங்கள்.

பட்டர்வொர்த், பி.ஐ.பி.ஜி. உறுப்பினர்: பெரிய கம்பெனிகள் தமிழ்ப்பள்ளிக்குச் சேவை செய்ய வருகிறோம் என்கிறார்கள். என்ன கேட்பது?

சாயம் மட்டும் கேட்காதீர்கள்! எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒரே சுவருக்கு இரண்டு வருடத்தில் மூன்று தரம் சாயம் அடித்தார்கள். மூன்று கம்பெனி, மூன்று கலர் டீ-சட்டை. மூன்றாவது தரம் வந்தவர்கள் போன தரம் வரைந்திருந்த பட்டாம்பூச்சியின் மேல் ரோலரை ஓட்டியபோது இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அழுதுவிட்டது. அதன் கைரேகை அந்தச் சிறகில் இருந்ததாம். அதே நேரத்தில் பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டு பிளஷ் உடைந்து கிடந்தது.

சுவர் என்றால் நாற்பது பேர் ஒரே நாளில் அடிக்கலாம், படம் அழகாக வரும். பிளஷுக்கு ஒரு பிளம்பரும் சில நூறு வெள்ளியும் (ரிங்கிட்) போதும், நாற்பது பேருக்கு அங்கே இடமில்லை. அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே பட்டியலை எழுதி வைத்துக் கையில் கொடுங்கள்: பிளஷ், மின்விசிறி, வாரம் ஒரு நாள் மலாய் வாசிப்புக்கு இரண்டு பேர், ஒரு வருடம் முழுக்க. பாதிப் பேர் அதோடு திரும்பக் கூப்பிடமாட்டார்கள். மீதிப் பேர்தான் உங்களுக்கு வேண்டியவர்கள்.

நிபோங் திபால், 44 வயது, இல்லத்தரசி: ரேலா தொண்டர் படையில் பெண்கள் சேரலாமா? துப்பாக்கியெல்லாம் கொடுப்பார்களா?

தாராளமாகச் சேரலாம் அக்கா, 18 வயது ஆகியிருந்தால் போதும். ரேலா 1972இல் ஆரம்பித்தது. 2012இல் தனிச் சட்டம் வந்தபோது துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் போய்விட்டன. போக்குவரத்து, கூட்டம், வெள்ளம், இதுதான் வேலை. கூப்பிட்டு வேலை செய்தால் மணிக்கணக்கில் அலவன்ஸ் உண்டு. முதலுதவியும் மீட்பு வேலையும்தான் ஆசை என்றால் பொதுத் தற்காப்புப் படையைப் பாருங்கள்.

ஜெலுத்தோங்: 2017 வெள்ளத்தில் உதவி குவிந்தும் வீணானது என்று எழுதியிருந்தீர்கள். விளக்கமாகச் சொல்ல முடியுமா?

நவம்பர் 4 இரவு ஆரம்பித்த மழையும் காற்றும் மறுநாளும் விடவில்லை. தீவிலும் பெருநிலத்திலும் தண்ணீர். மாநிலமே இராணுவத்தை உதவிக்குக் கூப்பிட வேண்டி வந்தது. எங்கள் லோரோங்கில் கரண்ட் போய், போன் பேட்டரியும் போன பிறகு, யார் வீட்டில் யார் இருக்கிறார் என்று கமிட்டியில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தது ஒருவருக்குத்தான்: காலையில் வீடு வீடாக இடியாப்பம் விற்கும் அக்கா. “பதினாலாம் நம்பர்ல பாட்டி படுத்த படுக்கை, மகன் நைட் சிப்டு. இருபத்திரண்டுல அங்கிளுக்கு நாளைக்கு டயாலிசிஸ்.” இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மனப்பாடமாகச் சொன்னார். அவர் சொன்ன வரிசையில்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு உதவி வந்தது, மூட்டை மூட்டையாகப் பழைய துணி. ஒரு மூட்டையில் கோட்டு சூட்டு, இன்னொன்றில் ஒற்றைக் கால் ஹை-ஹீல்ஸ். பாலர் பள்ளி அறை ஒன்றை நிரப்பிவிட்டது, பிறகு அதை அப்புறப்படுத்த லோரி வாடகை நாங்கள் கொடுத்தோம். வேண்டியிருந்ததோ சேறு தள்ளும் வைப்பர், குளோரோக்ஸ், ரப்பர் கையுறை, வாட்டர் ஜெட், மெத்தை, கேஸ் அடுப்பு. அடுத்த தரம் கொடுக்கிறவர்கள் முதலில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அதற்கப்புறம் ஓர் இருபது காசுப் பயிற்சிப் புத்தகம் வைத்திருக்கிறோம், விலை இப்போது ஏறிவிட்டது என்றாலும் பெயர் அதுதான். வீட்டு எண், தனியாக இருக்கும் முதியவர், டயாலிசிஸ் நாள், ஆக்சிஜன், சாவி யாரிடம். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோகும்போதும் சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொள்ளும்போதும் புதுப்பிப்போம். இடியாப்ப அக்காதான் எடிட்டர்.

கெலுகோர், 67 வயது: முட்டி தேய்ந்துவிட்டது. மண்வெட்டி பிடிக்க முடியாது. எனக்கு ஏதும் வேலை உண்டா தம்பி?

உங்களுக்கு மலாய் நன்றாக எழுத வரும் என்று சொல்லியிருக்கிறீர்களே அண்ணே, அது போதும். பாரம் நிரப்பத் தெரியாததால் கெபாஜிக்கான் (சமூக நல உதவி) பணத்துக்கு விண்ணப்பிக்காதவர்கள் ஒவ்வொரு பிளாட்டிலும் இருக்கிறார்கள். பிறப்புப் பதிவு இன்னொரு தலைவலி: தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் தாமதப் பதிவு, கூடுதல் பேப்பர். நம்மில் சிலர் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டை) கிழவனாகிப் போனதற்கு யாரோ ஒருவர் எப்போதோ ஒரு பாரத்தை விட்டதும் ஒரு காரணம். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஒரு மேசை, நல்ல பேனா, ஸ்டேப்ளர். முட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. ஒன்று மட்டும்: மூலப் பத்திரத்தை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். நகல் போதும்.

பல பேர்: இளைஞர்கள் சேர்ந்து சங்கம் ஆரம்பிக்கலாமா? பணம் வசூலிக்கலாமா?

1966 சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிக்க 1947 சட்டம் ஒன்று இருக்கிறது, போலீஸ் உரிமம் எடுக்காமல் தகர டப்பாவைத் தூக்காதீர்கள். என் யோசனை, முதல் வருடம் சங்கமே வேண்டாம். இருக்கிற ருக்குன் தெத்தாங்காவிலோ கோயிலிலோ நுழைந்து ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்யுங்கள். சங்கம் ஆரம்பித்தால் முதல் ஆறு மாதம் லோகோவுக்கும், அடுத்த ஆறு மாதம் தலைவர் பதவிக்கும் போய்விடும். பார்த்துச் சலித்தவன் சொல்கிறேன்.

சுங்கை ஆரா: அரிசி கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுத்துப் போடுவது சரியா?

இல்லை. அரிசி மூட்டையைப் படம் எடுங்கள், அதற்கு வெட்கம் கிடையாது.

புக்கிட் மெர்தாஜாம்: 2007 அணியில் இருந்தேன் மாஸ்டர். அந்த பூட்ஸ் இன்னும் ஸ்டோரில் இருக்கிறது. வெள்ள வேலைக்கு உதவுமா?

எந்த முகாம் என்று சொல்லவே இல்லையே! பூட்ஸை முதலில் கையில் எடுத்து நன்றாக வளைத்துப் பாருங்கள். அத்தனை வருடம் பெட்டியில் கிடந்தால் அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே பொடிந்திருக்கும். என்னுடையது 2017இல் சேற்றில் நான்காவது அடி வைத்ததும் வாயைப் பிளந்துகொண்டது. அன்று முழுக்கச் சீனத்து அங்கிள் ஒருவர் கொடுத்த மஞ்சள் ரப்பர் பூட்ஸில் நடந்தேன், இரண்டு சைஸ் சின்னது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) புதிது வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் லோரோங்கில் ஒரு ஆள் குறைகிறது.